நொடிக்கு இருபது லட்சம்

ஆபீஸில் எல்லாருக்கும் அவள் மரத்தக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மாமியார் அக்கம்பக்கத்தில் மருமகளைப் பற்றிப் பேசும்போது, "அவளுக்கு மரம் சம்பந்தப்பட்ட வேலை" என்று சொல்லிவைத்திருந்தார். அதைக் கேட்ட எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள், கதவுக்கு நல்ல பலகை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு வந்து நின்றார்.

அவள் வேலைபார்த்த கம்பெனி, ஆஸ்பத்திரிக் கருவிகளுக்குள் வைக்கிற கட்டுப்பாட்டு போர்டுகளைச் செய்தது. உள்ளங்கை அகலப் பச்சைத் தகடு, நடுவில் ஒரு சிப், சுற்றிலும் அரிசியளவு சாமான்கள். அந்தச் சிப்பில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் ஏறி உட்காரும்போது, தான் எந்த போர்டில் வந்து இறங்கியிருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. மேசைக் கம்ப்யூட்டரில் பாதிச் சாமான்கள் தாங்களே தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும். சின்ன போர்டில் எதுவும் வாய் திறக்காது. இந்த முகவரியில் ஒரு டைமர் இருக்கிறது, அது கூப்பிட வேண்டுமானால் இந்த எண்ணுள்ள மணியை அடிக்கும், அதற்குத் துடிப்பு கொடுக்கும் கிரிஸ்டல் நொடிக்கு இத்தனை தடவை துடிக்கும் என்று யாராவது எழுதிக்கொடுக்க வேண்டும். கிளைக்குள் கிளையாக எழுதுவதால் அந்தக் கோப்புக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். அவள் எழுதியது அதைத்தான். கெர்னல் அதைச் சரிபார்க்காது. எழுதியிருப்பதை அப்படியே நம்பும்.

இந்த வேலைக்கு அவள் படித்து வந்தவள் இல்லை. இருபத்தாறு வயதில் சால்டரிங் மேசையில் சேர்ந்தவள். ஒரு நாளைக்கு அறுபது போர்டு. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எந்தக் கால் எங்கே போகிறது என்று சொல்லிவிடுவாள். மாலை வகுப்பில் சேர்ந்து நாலு வருடம் இழுத்துப் பறித்து ஒரு டிப்ளமோ வாங்கினாள். மென்பொருள் எழுதியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பெரிய கம்பெனிகளுக்குப் பறந்துவிட, போர்டில் என்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கையால் ஒட்டியவளுக்குத்தானே தெரியும் என்று முதலாளி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அன்று உட்கார்ந்த நாற்காலிதான். இப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது.

டைமர்கள்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அந்தச் சிப்பில் நாலு இருந்தன. ஒன்று கெர்னலுக்குப் பொழுதை எண்ணித் தரும். ஒன்று குறித்த நேரத்தில் அதைத் தட்டி எழுப்பும். மூன்றாவது, கெர்னல் மயங்கிக் கிடந்தால் மொத்தத்தையும் அணைத்துப் போடும். நாலாவது நீராவி வால்வைத் திறந்து மூடும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தாலும், எதை எதற்கு ஒதுக்குவது என்று முடிவு பண்ணி, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி எழுதுவாள். எழுதி முடித்ததும் திரையில் முதல் வரி ஓடுகிற அந்தக் கணத்துக்காகவே சம்பளம் இல்லாமல்கூட வேலைசெய்யலாம் என்று வீட்டுக்காரரிடம் ஒரு தடவை சொன்னாள். "அதை உங்க முதலாளிகிட்ட போய்ச் சொல்லிடாதே" என்றார் அவர். அவர் பஸ் டிரைவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பஸ் ஓட்டவில்லை. இருபது நாள் முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆப்பரேஷன் முடிந்து, வீட்டில் சாய்வு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பை மாட்டும்போது, "தையல் போட்ட இடம் அரிக்குது" என்றார்.

"ஆறும்போது அரிக்கத்தாங்க செய்யும்."

"கொஞ்சம் சிவந்த மாதிரியும் இருக்கு."

"நீங்க சொறிஞ்சிருப்பீங்க. கையைச் சும்மா வைங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்தாள்.

பத்தேகாலுக்கு ஸ்பேனர் போன் பண்ணினான். கம்பெனியின் சர்வீஸ் மெக்கானிக், நாற்பது வயசுக்காரன். எந்த மெஷினையும் முதலில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பான்.

"அக்கா, சின்ன விஷயம்தான். பெரிய ஆஸ்பத்திரில ஆட்டோகிளேவ் இருக்கில்ல, அதுல சீட்டுல அச்சாகிற மணிக்கும் சுவத்துக் கடிகாரத்துக்கும் வித்தியாசம் வருதாம். காலைல சரியா இருக்கு. சாயங்காலம் ஆனா கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்."

"முன்னாலயா, பின்னாலயா?"

"அதைக் கேக்கலக்கா. வித்தியாசம்னாங்க, நானும் சரின்னுட்டேன். பேட்டரி போயிருக்கும். மாத்திடவா?"

பேட்டரி இல்லை என்று அவளுக்கு உடனே தெரிந்தது. காலையில் மெஷினைப் போட்டதும் பேட்டரிக் கடிகாரத்திலிருந்து மணியை ஒரு தடவை வாங்கிக்கொள்வதோடு சரி. அதன்பிறகு நாள் முழுக்கக் கெர்னல் தானே எண்ணிக்கொள்கிறது. எண்ணுவதில்தான் கோளாறு. பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் என்றால் நூற்றுக்கு எட்டு. அந்த எட்டை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள்.

கோப்பைத் திறந்தாள். கிரிஸ்டல் வரியில் இரண்டு கோடியே அறுபது லட்சம் என்று இருந்தது. இருபத்தாறு மெகாஹெர்ட்ஸ்.

அந்த வரியில் விரலை வைத்து மறுபடி படித்தாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் இருபத்தாறு கிரிஸ்டல் எங்கும் கிடைக்காமல் போய், கொள்முதல் பிரிவு இருபத்து நாலுக்கு மாற்றியது. சிப் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். போர்டில் ஒரு ரெசிஸ்டரை இடம் மாற்றிவைத்தால் போதும், மற்ற பகுதிகள் அதைப் பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்ளும். டைமர்கள் மட்டும் அவள் எழுதியதை நம்பியிருந்தன. மாற்றத்தைச் சொல்லும் தாள் மேசைக்கு மேசை போய் நாலு கையெழுத்து வாங்கியது. மூன்றாவது கையெழுத்து அவளுடையது. ஆனால் கோப்பில் அந்த ஒரு வரியை அவள் மாற்றவில்லை. அந்த வாரம் என்னதான் நடந்தது என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள். விசேஷமாக எதுவும் நினைவுக்கு வரவில்லை. சாதாரண வாரம்தான்.

சோதனையில் ஏன் மாட்டவில்லை என்பதும் புரிந்தது. சோதனை மேசையில் கிடந்தவை பழைய இருபத்தாறு போர்டுகள். புதியவற்றைப் பத்து நொடி ஓட்டிப் பார்த்து அனுப்பினார்கள். பத்து நொடியில் முக்கால் நொடி தப்பினால் யார் கண்டார்கள்?

ஆட்டோகிளேவ் என்பது ஆப்பரேஷன் கத்தி, கத்தரிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமியைக் கொல்கிற பெட்டி. நூற்று இருபத்தொரு டிகிரியில் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தை எண்ணுவது அவள் எழுதிய டைமர். கணக்கு தப்பினால் பதினைந்து, பதிமூன்றே முக்காலாகக்கூடச் சுருங்கலாம். சுருங்கினால் கிருமி சாகாது. நாற்பது மெஷின்கள், நாலு மாதம். அதில் ஒன்றில் வெந்த கத்திதான் இருபது நாள் முன்னால் வீட்டுக்காரரின் வயிற்றைக் கீறியது.

கொஞ்சம் சிவந்த மாதிரியும் இருக்கு என்றாரே.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். சுருங்குகிறது என்று வந்தது. நம்பிக்கை இல்லாமல் மறுபடி போட்டாள். நீள்கிறது என்று வந்தது. மூன்றாவது தடவை பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்தாளா என்றே தெரியவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை போடுகிற கணக்கு. தாளைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டே முதலாளி அறைக்குள் போனாள்.

"சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட செய்திக்கு அவர் கண்ணாடியைக் கழற்றிவிடுவார், பார்க்காவிட்டால் வராது என்பதுபோல. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்துப் போட்டதையும் மறைக்கவில்லை.

"நாலாவது கையெழுத்து என்னோடதுதான்" என்றார் அவர். "அதிகமா ஓடுதா, குறைவா ஓடுதா?"

"தெரியல சார். தலை சுத்துது. கணக்கு ரெண்டு விதமா வருது. போர்டுல நிஜமா எந்தக் கிரிஸ்டல் உக்காந்திருக்குன்னும் கண்ணால பாக்கணும். இங்க ஒண்ணுகூட இல்ல, நாப்பதும் வெளிய போயிடுச்சு."

"ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிக் கேளு."

பண்ணினாள். நாலு தடவை மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஸ்பேனரை வேனோடு வரச்சொன்னார்கள்.

வழி முழுக்க ஸ்பேனர், "ஒண்ணும் இருக்காதுக்கா" என்று சிக்னலுக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தான். அவள் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் யாரிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தாள்.

கிருமி நீக்கும் அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. வெக்கை. வெள்ளை ஓடு பதித்த சுவர், எவர்சில்வர் மேசை, துணியில் சுற்றி நாடா ஒட்டிய தட்டுகள் அடுக்கடுக்காக. மூலையில் அவர்களுடைய போர்டு வைத்த மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அந்த அறை ஒரு பெரிய சிஸ்டரின் ராஜ்ஜியம். ஐம்பத்தைந்து வயது இருக்கும், குரலில் எப்போதும் ஒரு அவசரம்.

"போன் அடிச்சது நீங்கதானா? ரெண்டு கையும் ஈரமா இருந்தா நான் எதால எடுக்கிறது? என்ன விஷயம்?"

"சிஸ்டர், மெஷின் நேரத்தைத் தப்பா எண்ணுதோன்னு சந்தேகம். ஒரு லோடு ஓடுறதைப் பாக்கணும்."

"பாருங்க. இப்பத்தான் சூடேறுது."

நூற்றுப் பத்தொன்பது, நூற்று இருபது. நூற்று இருபத்தொன்று தொட்டதும் திரையில் 15:00 விழுந்து இறங்கத் தொடங்கியது. அவள் போனில் ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.

போனில் ஒரு நிமிடம் ஆனபோது மெஷின் 14:05 காட்டியது. விரல் முன்னபின்ன அழுத்தியிருக்கும் என்று நினைத்தாள். இரண்டு நிமிடத்தில் 13:09. வித்தியாசம் கூடிக்கொண்டே போனது, ஆனால் எந்தப் பக்கம் கூடுகிறது என்பதை மனசு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடம் ஆனபோது மெஷின் 10:23 காட்டியது. சரியான மெஷின் பத்து காட்டியிருக்க வேண்டும். இது இன்னும் இருபத்து மூன்று நொடி பாக்கி என்கிறது.

கணக்கு அப்போதுதான் தலைக்குள் நேராக நின்றது. இரண்டு கோடியே அறுபது லட்சம் துடிப்பு ஆனால்தான் ஒரு நொடி என்று கெர்னலிடம் அவள் சொல்லியிருந்தாள். கிரிஸ்டலோ நொடிக்கு இரண்டு கோடியே நாற்பது லட்சம்தான் துடிக்கிறது. மீதி இருபது லட்சம் வந்து சேரும்வரை கெர்னல் காத்திருக்கிறது. அதனுடைய நொடி, உலகத்து நொடியைவிட நீளம்.

"அதிகமாத்தான் ஓடுது சார்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "குறையல. ஒரு தடவைகூடக் குறைஞ்சிருக்காது."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். ஸ்பேனர் பழக்கதோஷத்தில் மெஷினை ஒரு தட்டுத் தட்டினான். அவள் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, எழுந்து போகலாம். ஆனாலும் கடைசிவரை அங்கேயே இருந்தாள். போனில் பதினாறு நிமிடம் பதினைந்து நொடி ஆனபோது மெஷின் மூன்று தடவை கூவி நின்றது. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போது வந்தது. கூடவே சிரிப்பும் வந்ததால் எதைத் துடைப்பது என்று தெரியாமல் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு இவங்களுக்கு?" என்று பெரிய சிஸ்டர் முதலாளியைக் கேட்டார்.

முதலாளி அவள் எழுதும் மரத்திலிருந்து தொடங்கி மென்று விழுங்காமல் சொன்னார். சிஸ்டர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். கோபப்படுவார் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"இது மந்தமான மெஷின்னு முதல் நாளே எனக்குத் தெரியும்" என்றார். "பழசு கால் மணி நேரத்துல முடிக்கும், இது இழுக்கும். புதுசாச்சே, ஜாக்கிரதையா வேலை செய்யுதுன்னு விட்டுட்டேன். ரப்பர் குழாய்தான் கொஞ்சம் சீக்கிரம் விறைச்சுப் போகுது."

"ஒருவேளை குறைவா ஓடியிருந்தா சிஸ்டர்?" அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஓடியிருந்தா அன்னிக்கே உங்களைக் கூப்பிட்டிருப்பேன். இங்க வாங்க."

அலமாரியிலிருந்து தடிமனான நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். பக்கம் பக்கமாகச் சின்னச் சின்னக் காகிதப் பட்டைகள் ஒட்டியிருந்தன, எல்லாம் கறுப்பு. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ஒரு வெள்ளைப் பட்டை போகும். சூடும் நேரமும் முழுசாகக் கிடைத்தால்தான் அது முழுக்கக் கறுக்கும். கறுக்காவிட்டால் அந்தத் தட்டு மறுபடி உள்ளே போகும்.

"திரையில என்ன காட்டினாலும் நான் பாக்கிறது இதைத்தான். உங்க மெஷினை நம்பி ஒரு கத்தரிக்கோலைக்கூட நான் மேல அனுப்பினதில்லம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்து மூன்று வருடத்தில் அவளுடைய வேலையைப் பற்றி யாரும் இத்தனை ஆறுதலாக எதுவும் சொன்னதில்லை. நோட்டை வாங்கி வீட்டுக்காரரின் ஆப்பரேஷன் தேதியைத் தேடினாள். அன்றைக்குப் பதினொரு பட்டைகள். பதினொன்றும் கரியாகக் கறுத்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

முதலாளி அவளை நேரே வீட்டுக்குப் போகச் சொன்னார். அவள் கேட்கவில்லை. ஆபீஸுக்குத் திரும்பி அந்த ஒரு வரியை மாற்றினாள். மாற்றத்தின் காரணம் எழுத வேண்டிய இடத்தில், கிரிஸ்டல் மாறிய தாளில் தான் கையெழுத்துப் போட்டதையும், கோப்பை மாற்றாமல் விட்டதையும் எழுதினாள்.

ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தில்தான் இரண்டு பேருக்கும் கொஞ்சம் உரசல் வந்தது. "நேரம் காட்டுவதில் ஒரு சிறு திருத்தம்" என்று முதலாளி ஆரம்பித்திருந்தார்.

"இப்படிப் போட்டா அவங்களும் நாலு தடவை கணக்குப் போட்டுத் தவிப்பாங்க சார். பதினைஞ்சு நிமிஷம் பதினாறேகாலா ஓடுச்சு, எந்த நாளும் குறையலன்னு முதல் வரிலயே சொல்லிடுங்க. ரப்பர் தேய்மானத்தையும் சொல்லிடுங்க."

"நம்ம பேரு கெடாதா?"

"நம்ம பேரைக் காப்பாத்தினது அந்த சிஸ்டரோட பட்டைதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினார்.

மாலையில் அவள் கதவைத் திறந்தபோது வீட்டுக்காரர் அதே நாற்காலியில் இருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். தையலுக்கு ஒரு அங்குலம் தள்ளி நகக்கீறல் இரண்டு, அவ்வளவுதான் சிவப்பு.

"சொறியாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"அரிச்சா என்ன பண்றது? நீ ஏன் ஓடி வந்த மாதிரி இருக்கே?"

பக்கத்தில் உட்கார்ந்து ஆதியோடந்தமாகச் சொன்னாள்.

"ஆகமொத்தம் என் கத்தியை ஒண்ணேகால் நிமிஷம் கூடுதலா வேகவச்சிருக்கே."

"ஆமா."

"சொந்தக்காரங்களுக்குச் செய்றதுதானே" என்றார். அவரால் சிரிக்க முடியவில்லை. சிரித்தால் தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதேடி" என்று கெஞ்சினார். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்பேனர் ஒன்பது நாளில் நாற்பது மெஷினையும் சுற்றிவந்தான். ஒவ்வொன்றிலும் பழைய கணக்கைக் குறித்துக்கொண்டு, திருத்திய கோப்பை ஏற்றி, கால் மணி நேரம் முழுசாக ஓடவிட்டு, கைக்கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்து எழுதிக்கொண்டு வந்தான். நாற்பதும் அதே தப்பைத்தான், அதே பக்கமாகத்தான் செய்திருந்தன. இனிமேல் எந்தப் புது போர்டும் வெளியே போகுமுன் ஒரு மணி நேரம் வெளிக்கடிகாரத்தோடு ஓட வேண்டும் என்று அவள் ஒரு விதி எழுதி சோதனை மேசைக்கு மேலே ஒட்டினாள். இரண்டு ஆஸ்பத்திரிகள் கடிதத்துக்குப் பதில் போட்டன. ஒன்று விவரம் கேட்டது. இன்னொன்று நன்றி என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மதியம் பெரிய சிஸ்டர் போன் பண்ணினார்.

"மரம் எழுதுற அம்மாதானே? உங்க மெஷினை வந்து சரிபண்ணிட்டுப் போனாங்க."

"ஆமா சிஸ்டர். ஏதாவது பிரச்சினையா?"

"இப்பக் கரெக்டா கால் மணி நேரத்துல கூவுது. முன்னெல்லாம் நான் ஒரு காபி குடிச்சிட்டு டம்ளரைக் கழுவி வைக்கிற வரைக்கும் ஓடும். இப்பப் பாதி டம்ளர்ல கூப்பிடுது. பழையபடி மாத்திக் குடுக்க முடியுமா?"

"மெனுவுல பதினஞ்சுக்குப் பதிலா பதினாறுன்னு போட்டுக்குங்க சிஸ்டர். ரப்பர் குழாய் இருந்தா மட்டும் பதினஞ்சுலயே விட்டுடுங்க."

"அவ்வளவுதானா? இதுக்கா அன்னிக்கு அப்படி அழுதீங்க?" என்று சிஸ்டர் போனை வைத்துவிட்டார்.

அவளுக்கு அப்போதுதான் பசிப்பது தெரிந்தது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகத் திறந்தாள்.